வேட்டுக்கு அஞ்சாத வேட்டை நாய்!

சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் விஸ்வநத்தம். பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர். இந்த வட்டாரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டு வளராத பிள்ளை இல்லை.

இதே விருதுநகர் மாவட்டம் இன்னொன்றுக்கும் பெயர் பெற்றது. அதுதான் வேட்டை நாய்!

ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் இந்த மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. ராஜபாளையம் நாயின் படம் போட்டு 2005-ம் ஆண்டில் தபால் தலையே வெளிவந்தது!

வேட்டும் வேட்டை நாயும் ஒரே மண்ணில் இருக்கின்றன. ஆனால் தீபாவளி வந்தால், வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. ஏன்?

காது செய்யும் வேலை

மனிதனின் காது ஒரு விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரை உள்ள ஒலியைக் கேட்கும். நாயின் காது சுமார் 45 ஆயிரம் அதிர்வுகள் வரை கேட்கும். நமக்குக் கேட்காத மெல்லிய ஓசையும் அதற்குக் கேட்கும். அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் அணுகுண்டு வெடித்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

நாய்க்கும் வாத்தியார்!

அப்படியானால், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்யும் நாய்கள் எப்படி அஞ்சாமல் இருக்கின்றன?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பறவை வேட்டைக்கென்றே நாய்கள் உண்டு. 'பாயிண்டர்' நாய் பறவையை மோப்பம் பிடித்ததும் சிலைபோல் நின்று மூக்கால் திசை காட்டும். 'ரெட்ரீவர்' நாய், விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டு வரும்.

இந்த நாய்களைப் பழக்குவதே தொழிலாகக் கொண்ட வாத்தியார்கள் அங்கே இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்து, சில மாதங்களுக்கு நாயை அவர்களிடம் விட்டு வைப்பார்கள்.

நல்ல வாத்தியார் முதல் நாளே துப்பாக்கி வெடிப்பதில்லை. நாய் பறவையின் பின்னால் குஷியாக ஓடும்போது, வெகு தூரத்தில் சிறிய சத்தம் ஒன்று எழுப்புவார். நாய் அதைப் பொருட்படுத்தாது. நாளாக நாளாகச் சத்தம் நெருங்கி வரும். நாய் காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகினால், மறுபடி தூரமாகப் போய்விடுவார். அவசரப்பட்டால் காரியம் கெடும். ஒருமுறை மனதில் புகுந்த பயத்தை வெளியேற்றுவது பெரும்பாடு!

நாய் தேறியது, முதலாளி?

படித்துத் தேறிய நாய் வீடு திரும்புகிறது. முதலாளி கூப்பிடுகிறார். நாய் திரும்பிப் பார்க்கவில்லை!

குற்றம் நாயின் மேல் இல்லை. வாத்தியார் சொன்ன சொல் வேறு. முதலாளி சொல்லும் சொல் வேறு. அதனால்தான் கடைசி நாட்களில் முதலாளியையும் வரவழைத்துக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பாடம் சிவகாசிக்குப் புதிதல்ல. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குத் தாங்களே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தொழில் ஊரில் நிலைத்தது!

வேட்டை போச்சு, வேலை வந்தது

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு முயல், கௌதாரி, காட்டுப் பன்றி இவற்றின்மேல் நாயை ஏவி வேட்டையாடினால் சிறைவாசம் உண்டு. "எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

அதனால் நாட்டு நாய்க்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரில் ராணுவத்தின் நாய்ப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 2016-ல் கர்நாடகத்து முதோல் வேட்டை நாய்க்குட்டிகள் அங்கே பயிற்சிக்குப் போயின. மத்தியப் பிரதேசம் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையும் நாய்களுக்குப் பயிற்சி தருகிறது. இங்கெல்லாம் நாயோடு, அதை நடத்தும் வீரரும் சேர்ந்தே படிக்கிறார். முயலைத் துரத்திய இனம், இன்று வெடிகுண்டைத் தேடுகிறது!

வீட்டில் செய்ய வேண்டியது

குட்டி பிறந்த 3-வது வாரம் முதல் 14-வது வாரம் வரை உள்ள காலம் முக்கியமானது. அப்போது பாத்திரம் உருளும் ஓசை, கதவு மூடும் ஓசை முதலியவற்றை மெல்ல மெல்லக் கேட்டுப் பழகிய குட்டி, பிற்காலத்தில் அதிகம் மிரளாது.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வேட்டுக்கு அசையவே இல்லையா? "ஆகா, என்ன தைரியம்!" என்று மெச்சிவிடாதீர்கள். இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

தீபாவளி அன்று நாயைத் தெருவில் கட்டாதீர்கள். உள் அறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, பக்கத்தில் ஒருவர் இருங்கள். "பழகட்டும்" என்று அதன் அருகே சரவெடி கொளுத்துவது பயிற்சி அல்ல, கொடுமை!

மிரண்டு ஓடிய நாய், வழி தெரியாமல் வண்டியில் அடிபட்டுச் சாவதும் உண்டு. ஒரு நிமிட வேடிக்கைக்காக, ஆண்டெல்லாம் வாசலைக் காத்த உயிரை இழக்கலாமா?