நிங் இலவசச் சேவை நிறுத்தம்

நிங் என்பது எவரும் தமக்கெனச் சமூக வலைத்தளம் அமைத்துக்கொள்ள உதவும் இணையச் சேவையாகும். மார்க் ஆண்ட்ரீசன், கினா பியான்கினி ஆகியோர் 2005 இல் அமெரிக்காவில் இதனைத் தொடங்கினர். நிரல் எழுதத் தெரியாதவரும் உறுப்பினர் பக்கம், படத்தொகுப்பு, கலந்துரையாடல் பகுதி ஆகியவற்றைக் கட்டணமின்றி அமைக்க முடிந்தது. ஆசிரியர்கள் பலர் வகுப்புகளுக்கும் பயன்படுத்தினர்.

இலவசத் தளங்கள் விளம்பர வருவாயையே சார்ந்திருந்தன. 2010 ஏப்ரலில் நிறுவனம் ஊழியர் எண்ணிக்கையை 167 இலிருந்து 98 ஆகக் குறைத்து, இலவசச் சேவையையும் நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது மிகச் சிறிய திட்டத்துக்கு மாதம் 2.95 டாலர் கட்டணமும் 150 உறுப்பினர் வரம்பும் இருந்தன. பியர்சன் நிறுவனம் வட அமெரிக்கக் கல்வித் தளங்களுக்கு மட்டும் இக்கட்டணத்தை ஏற்றது. பிற நாட்டு ஆசிரியர்களுக்கு அவ்வுதவி இருக்கவில்லை.

இதற்கு முன் 2009 அக்டோபர் 26 அன்று யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது, அதிலிருந்த தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களும் மறைந்தன. வேறிடத்துக்கு மாற்றப்படாதவற்றுள், இணைய ஆவணக்காப்பகம் போன்றவை படியெடுத்தவை மட்டுமே எஞ்சின.

இலவசத் தளத்தில் எழுத்து நம்முடையது, இடம் பிறருடையது. ஆகவே கட்டுரை, படம், உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றின் படி ஒன்றைச் சொந்தக் கணினியிலும் வைத்திருப்பது நன்று.