பச்சை எண் ஏழு

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படிக்கட்டு குறுகல், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். 2005ஆம் வருஷத்து மழைக்காலம், சனிக்கிழமை ராத்திரி, மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி அறை. தரையெல்லாம் ஒயர். கொடியில் காயாத சட்டை. பீரோவின் மேல் பழைய மானிட்டர் பெட்டி, அதற்குள் அண்ணியின் அப்பள வடகம். இந்த அறைக்குள் என்னை விடச் சொல்லி ஒரு மாதம் கெஞ்சியிருக்கிறேன். இன்றைக்குத்தான் கதவு திறந்தது!

இங்கே நடப்பது டிமோஸ் வேலை. உலகத்து இணையதளங்களை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பும் ஓரிரு வரிக் குறிப்பும் எழுதி அடுக்கும் பிரம்மாண்டமான அட்டவணை அது. 1998இல் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் கூட்டாளிகளோடு தொடங்கினார்கள், அதே வருஷம் நெட்ஸ்கேப் வாங்கிக்கொண்டது. எழுதுகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் ஒரு பைசா கிடையாது. பகலில் வங்கியில் ரூபாய் எண்ணும் அண்ணன், ராத்திரியில் இங்கே எடிட்டர். அவர் கையில் பல ஊர்ப் பகுப்புகள் இருக்கின்றன.

அவர் பக்கத்தில் முக்காலியில் இருப்பது அண்ணியின் தங்கை. கும்பகோணத்துக்காரி, இங்கே கல்லூரியில் படிக்கிறாள். எடிட்டராகிப் பத்து நாள்தான் ஆகிறது. தரையில் பாய் போட்டு, தலையணைமேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பது மதுரைத் தம்பி. அவனும் புதுசு. புதியவர்களுக்குச் சின்னப் பகுப்பாகத்தான் கொடுப்பார்கள். அதனால் பெரும்பாலானவர்கள் சொந்த ஊரையே கேட்டு வாங்குவார்களாம். இவள் கையில் கும்பகோணம், அவன் கையில் மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர்.

சுவரைப் பாருங்கள். முருகன் காலண்டருக்குக் கீழே செலோ டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவளுடைய முதல் விண்ணப்பத்துக்கு வந்த மறுப்பு! விண்ணப்பிக்கும்போதே மாதிரிக்கு இரண்டு மூன்று தளங்களைக் கண்டுபிடித்து, தலைப்பும் குறிப்பும் எழுதிக் காட்ட வேண்டும். உனக்குச் சொந்தமாகத் தளம் இருக்கிறதா, எந்தக் கடையோடாவது சம்பந்தம் உண்டா என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைப் படித்து முடிவு சொல்கிறவர்களுக்கு மெட்டா என்று பெயர். ‘உலகப் புகழ்பெற்ற’ என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தாள், திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டு அனுப்பினாள், கிடைத்துவிட்டது.

“அத்தான், ஏழு பச்சை இருக்கு.”

பச்சை என்றால் என்னவென்று எனக்கும் இப்போதுதான் தெரிந்தது. யார் யாரோ அனுப்பிவைத்து, இன்னும் யாரும் பார்க்காமல் கிடக்கும் தளங்களின் எண்ணிக்கை எடிட்டர் திரையில் பச்சை நிறத்தில் தெரிகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. அந்த எண்ணைக் குறைப்பதில் இவர்களுக்கு ஒரு வெறியே உண்டு.

முதல் பச்சை ஒரு லாட்ஜ். முதலாளி அனுப்பிய குறிப்பில் எல்லாமே பெரிய எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி. குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கும்பகோணத்தின் தலைசிறந்த, ஈடு இணையற்ற, குடும்பத்தோடு தங்க ஒரே இடம்.’ அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே தட்டுகிறாள்: ‘கும்பகோணத்தில் உள்ள வசதியான தங்கும் விடுதி.’

அண்ணன் வாய் திறக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தியமாக! மவுஸைத் தொட்டுவிடுவோமோ என்று அவருக்கே பயம். “நான் மாத்தினா பதிவேட்டுல என் பேருதான் நிக்கும். அவளுக்கு என்ன நிக்கும்?” என்று என் காதில் கிசுகிசுக்கிறார். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று ஒவ்வொரு தட்டும் உள்ளே பதிவாகிறது.

“ஏய், வசதின்னு யாரு சொன்னா? நீ தங்கியிருக்கியா?” பாயிலிருந்து மதுரைத் தம்பி.

“அந்தத் தெருவுலதான் எங்க வீடு.”

“வீடு இருந்தா? மெத்தை எப்படின்னு தெரியுமா?”

முக்காலியே ஆடும்படி சிரிக்கிறாள். ஆனால் அழித்துவிட்டாள். பிறகு அந்தத் தளத்துக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகத் திறக்கிறாள். இணைப்பு மெதுவாகத்தான் வருகிறது. ஒரு படம் இறங்குவதற்குள் அண்ணி முறுக்குத் தட்டோடு வந்து போய்விடுகிறாள். அறை வாடகை ஒரு பக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து வழி ஒரு பக்கத்தில், முன்பதிவுப் படிவம் கடைசியில். அவள் எழுதுகிறாள்: ‘அறை வகைகள், வாடகை, வழி விவரம், முன்பதிவுப் படிவம்.’ அவ்வளவுதான். அந்த லாட்ஜைப் பற்றி ஒரு பாராட்டும் இல்லை, தளத்துக்குள் என்ன கிடைக்கும் என்பது மட்டும் இருக்கிறது. படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன ஒரு சுத்தமான வரி!

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கூகுள் தன் டைரக்டரியையே 2000 முதல் இந்த அட்டவணையை எடுத்துத்தான் நடத்துகிறது. தேடல் முடிவில் ஒரு தளத்தின் பெயருக்குக் கீழே வரும் வரிகூடச் சில சமயம் இங்கே எழுதிய குறிப்புதான். முக்காலியில் உட்கார்ந்து இந்தப் பெண் தட்டுவதை, எங்கோ ஒருவர் அறை தேடும்போது படிப்பார்.

இப்போது நோட்டு மாறுகிறது. அவள் பகுப்பை அவன் பார்க்கிறான், அவன் பகுப்பை அவள். சிவப்புப் பேனாவுக்கு இங்கே தடை, பென்சில்தான். அவன் ஒரு ஜவுளிக் கடைக்கு ‘இந்தத் தளம் தருவது’ என்று ஆரம்பித்திருக்கிறான். அடியில் கோடிட்டு, “தளம்னு தெரிஞ்சுதானே வந்திருக்காங்க?” என்று ஓரத்தில் எழுதுகிறாள். அவன் காது சிவக்கிறது. ஐந்து நிமிஷம் பேச்சில்லை. பிறகு தட்டில் கடைசியாகக் கிடந்த முறுக்கை உடைத்துப் பாதியை அவள் பக்கம் தள்ளுகிறான்.

நடுவில் ஒரு சிவப்பு. ரோபோசில்லா என்று ஒரு நிரல், செத்துப்போன இணைப்புகளைத் தேடிச் சிவப்பில் குறித்துவிட்டுப் போகும். ஒரு பள்ளியின் தளம் திறக்கவில்லை. நீக்கிவிடலாமா? அண்ணன் முதல்முறையாகக் குரலை உயர்த்துகிறார். “பொறு. முகவரி மாறியிருக்கும். தேடு.” தேடுகிறாள். மாறித்தான் இருக்கிறது!

பின்னாளில், 2017 மார்ச்சில், அந்த அட்டவணை மூடப்பட்டது. 38 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள், 10 லட்சத்துக்கு மேல் பகுப்புகள், தொடக்கத்திலிருந்து உழைத்த 90,000க்கும் அதிகமான எடிட்டர்கள் என்று முகப்பில் கணக்கு நின்றது. பிறகு கர்லி என்ற பெயரில் எடிட்டர்களே தொடர்ந்தார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முக்காலியும் பென்சிலும்தான் நினைவுக்கு வரும்.

அறைக்குத் திரும்புவோம், மணி பதினொன்றரை. நல்ல கட்டம் இப்போதுதான். உள்ளஞ்சலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எந்த நாட்டுக்காரரோ, பழுத்த எடிட்டர், அவளுடைய பகுப்பை வரிவரியாகப் படித்திருக்கிறார். இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. கோயில் பக்கத்தைச் சரியான துணைப் பகுப்பில் போட்டிருக்கிறாய், நன்று. கடைசியில் ஒரு கேள்வி: காபிக் கடைக் குறிப்பில் ‘டிகிரி காபி’ என்று இருக்கிறதே, டிகிரி என்பது சூடா, படிப்பா?

அறை குலுங்கிப் போனது. தம்பி பாயில் உருண்டான்.

சிரித்து முடித்ததும் பதில் எழுத உட்கார்ந்தார்கள். எழுத முடியவில்லை! “பால்மானி வெச்சுப் பார்ப்பாங்க, தண்ணி கலக்காத பாலுக்கு டிகிரி” என்கிறாள் அவள். “சிக்கரிதான் வாயில விழுந்து டிகிரி ஆயிடுச்சு” என்கிறான் தம்பி. “முதல் டிகாக்‌ஷனுக்குத்தான் அந்தப் பேரு” என்று கீழேயிருந்து அண்ணியின் குரல். அண்ணன் இவர்கள் இருவரையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். கை இன்னும் தொடைக்கு அடியில்தான்.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். டிகிரியை அழித்தாள். ‘ஃபில்டர் காபி’ என்று தட்டினாள், முற்றுப்புள்ளி வைத்தாள். பதிலில் அந்த மூன்று விளக்கங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி, “எங்கள் வீட்டிலேயே இன்னும் முடிவாகவில்லை, ஐயா” என்று சேர்த்தாள்.

படிக்கட்டில் டம்ளர் சத்தம். நான்கு காபி வருகிறது. பச்சை எண் இப்போது ஆறு.