ஜென்ஷின் இம்பாக்ட்: தூக்கத்தையும் பர்ஸையும் காப்பாற்றும் கணக்கு

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டினாலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்தாலும் சரி, கேம் ஆடக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். 2020-ல் வந்த ‘ஜென்ஷின் இம்பாக்ட்’ ஃபேன்டசி கேமில் அந்த நேரத்தையும் சம்பளத்தையும் வீணாக்காமல் ஆடுவது எப்படி?

ராத்திரி கண் முழிக்கணுமா?

தேவையே இல்லை. பாஸை வீழ்த்தியபின் பரிசை எடுக்க ‘ரெசின்’ வேண்டும். அது 8 நிமிடத்துக்கு ஒன்று தானாக ஏறும், உச்சவரம்பு 200. முழுசா நிரம்ப 26 மணி நேரம் 40 நிமிடம் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் நுழைந்து மொத்தத்தையும் செலவழித்தால் துளியும் வீணாகாது.

ஏசியா சர்வரில் புது நாள் பிறப்பது நம்மூர் நேரப்படி அதிகாலை 1.30-க்கு. அதற்குள் 4 தினசரி வேலைகளை முடித்து, கில்டில் சொல்லிவிட்டால் 60 ப்ரைமோஜெம் கிடைக்கும்.

காசு போட்டால் கேட்ட கேரக்டர் வருமா?

உடனே வரும் என்று சொல்ல முடியாது. ஒரு ‘விஷ்’ போட 160 ஜெம். 5 ஸ்டார் விழும் அடிப்படை வாய்ப்பு வெறும் 0.6 சதவீதம். 90 விஷ்ஷுக்குள் ஒரு 5 ஸ்டார் உறுதி. ஆனால் அது வேறு கேரக்டராகவும் இருக்கலாம். அப்படி ஆனால், அடுத்த 5 ஸ்டார் கண்டிப்பாக பேனரில் உள்ள கேரக்டர்தான். ஆக, அதிகபட்சம் 180 விஷ், அதாவது 28,800 ஜெம். தினசரி வேலையில் மட்டும் சேர்த்தால் 480 நாள்!

அப்போ என்ன செய்யலாம்?

பிடித்த ஒரே கேரக்டருக்காகச் சேமியுங்கள். ‘பேனர் முடியப்போகுதே’ என்று கடைசி நாளில் பணம் கட்டாதீர்கள். இதுவரை போட்ட விஷ் எண்ணிக்கை அடுத்த கேரக்டர் பேனருக்கும் அப்படியே தொடரும்.