படத்துக்கு விலை உண்டு, ஃபைலுக்குக் கிடையாதா?

"பிரிண்டுதான் வேண்டாம்னுட்டோமே! பென் டிரைவ்ல போட்டுக் கொடுக்க எதுக்குங்க தனியாக் காசு?"

கிளியூரில் ஒரு வீட்டு வாசலில் அந்த இளம் தாய் இப்படிக் கேட்டதும், என் நாத்தனார் மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏற்காட்டில் இருந்துகொண்டு குழந்தைகளைப் படம் எடுத்துக் கொடுப்பவள் அவள். ஏரிக்கரையிலும் அருவிப் பாதையிலும் ஒரு வயதுப் பிள்ளையின் பின்னாலேயே ஓடி எடுத்த படங்கள் அவை. பேச மனம் வராமல், சும்மாவே கொடுத்துவிட்டு வந்தாள்.

ராத்திரி கணக்கு நோட்டும் கையுமாகக் கண் கலங்கினாள். "கேமராத் தவணை கட்டணும் அத்தை. இப்படியே போனா தொழிலை விட வேண்டியதுதான்."

ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே இருக்கும். பாட்டிக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று காப்பி கேட்டு வருவார்கள், அதில்தான் லாபம். இன்று ஃபைலைக் கொடுத்துவிட்டால் அந்த வரும்படி நின்றுபோகிறது. ஊறுகாய் விற்கப் போய் மாமரத்தையே எழுதிக் கொடுத்த கதைதான்!

இருவரும் உட்கார்ந்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டோம். தவணை, கம்ப்யூட்டர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 8 குடும்பம் வந்தால், ஒன்றுக்கு 1,500. எடுக்க 2 மணி, திருத்த 4 மணி. மணிக்கு 200 வீதம் 1,200. ஆக 2,700. காகிதத்தில் ஒரு படம்கூடப் போடாமலே ஆகிற செலவு இது! இனி வராத 10 காப்பிகளின் லாபம், தலா 60 வீதம் 600. மொத்தம் 3,300. இதற்குக் குறைத்தால் கைநஷ்டம்தான்.

எல்லா ஃபைலும் ஒன்றல்ல. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200க்கு 1,800 புள்ளி போதும். சுவரில் மாட்டும் 12க்கு 18 அங்குலத்துக்கு 3,600க்கு 5,400 வேண்டும். சின்னதற்கு ஒரு விலை, பெரியதற்கு ஒரு விலை வைப்பதே நியாயம்.

படம் எடுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நம்முடையதே என்கிறது 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே எத்தனை படம், எந்த அளவு, என்ன விலை, நம் குழந்தையின் படத்தை அவர்கள் விளம்பரத்தில் போடலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே ரசீதில் எழுதி வாங்குங்கள். ஃபைலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், நம்பி இருக்காதீர்கள்.

இப்போது அவள் விலைப்பட்டியலை முதலிலேயே நீட்டிவிடுகிறாள். பார்த்துவிட்டு ஒருவர் திரும்பிப் போனார். "போகட்டும் அத்தை, வந்தவங்க யாரும் வாசல்ல நின்னு பேரம் பேசலை" என்கிறாள். தையலோ, பலகாரமோ, படமோ, கைத்தொழில் செய்யும் பெண்கள் வெட்கப்படாமல் விலை சொல்லப் பழக வேண்டும். நம் உழைப்புக்கு நாமே விலை வைக்காவிட்டால், வேறு யார் வைப்பார்கள்?