முதல் சம்பளத்துக்கு முந்தைய பட்ஜெட்

கைக்காசுக் கணக்கு – 7

படிப்பை முடித்த கையோடு தென்காசியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ சென்னைக்கு வேலைக்கு வரும் இளைஞருக்கு இரண்டு பட்ஜெட் தேவை. சம்பளத்துக்குள் மாதத்தை ஓட்டுவதற்கு ஒன்று. அந்தச் சம்பளம் கைக்கு வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பதற்கு இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பலரைக் கடன் கேட்க வைப்பது அதுதான்.

கைக்கு எவ்வளவு வரும்?

கணக்கு ஆஃபர் லெட்டரில் தொடங்குகிறது. அதில் கொட்டை எழுத்தில் இருக்கும் சி.டி.சி. என்பது, ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. 3,60,000 ரூபாய் என்று இருந்தால், மாதம் முப்பதாயிரம் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். கைக்கு வருவது அவ்வளவு இருக்காது.

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800 ரூபாயும், பணிக்கொடைக்காக ஒதுக்கும் 4.81 சதவீதமும் (சுமார் 720 ரூபாய்) பெரும்பாலும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கம். மீதி 27,480. அதிலிருந்து ஊழியரின் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போகும். தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். குழு மருத்துவக் காப்பீட்டுக்கும் சில நிறுவனங்கள் பிடித்தம் செய்வதுண்டு. எல்லாம் போக வங்கிக் கணக்கில் விழுவது 25,000 சொச்சம். ஆண்டு முடிவில் தரப்படும் ஊக்கத்தொகையையும் சி.டி.சி.யில் சேர்த்துக் காட்டியிருந்தால் இதுவும் குறையும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்காக 0.75 சதவீதம் பிடிப்பார்கள். அதற்கு ஈடாக மருத்துவ வசதி கிடைக்கிறது.

தொகையைப் போலவே தேதியும் முக்கியம். பல நிறுவனங்கள் மாதத்தின் மூன்றாவது வாரத்திலேயே சம்பளப் பட்டியலை முடித்துவிடுகின்றன. 1-ம் தேதி சேர்பவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வரும். 22-ம் தேதி சேர்பவர் அடுத்த மாதக் கடைசிவரை, ஏறத்தாழ நாற்பது நாள்கள், காத்திருக்க நேரிடலாம். ஆகவே, சேருமுன் மனிதவளப் பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு, முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும்.

கையில் இருக்க வேண்டிய பணம்

சாப்பாட்டுடன் மாதம் 8,000 ரூபாய் வாடகையுள்ள பகிர்வு அறை விடுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு மாத வாடகை அட்வான்ஸ் 8,000. முதல் மாத வாடகை 8,000. பயணம், வெளிச்சாப்பாடு, போன், சோப்பு, மருந்து, சில்லறைச் செலவு என ஒரு மாதத்துக்கு 7,100. ரயில் டிக்கெட், சாமான்களோடு ஆட்டோ என்று 1,500. மெத்தை, தலையணை, வாளி, பூட்டு, அலுவலகத்துக்கான சட்டை, ஷூ என்று 5,000. ஆக மொத்தம் 29,600 ரூபாய்.

இது 1-ம் தேதி சேர்பவருக்கு. நாற்பது நாள் காத்திருப்பவருக்கு இன்னொரு மாத வாடகை 8,000 ரூபாயும், பத்து நாள் செலவுக்குச் சுமார் 2,400 ரூபாயும் கூடும். மொத்தம் 40,000 ரூபாய். சேரும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போவதால் மட்டும் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் மாதத்தின் முதல் வாரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

இந்தப் பணத்துக்கு வீட்டுச் சேமிப்பே முதல் வழி. அது இல்லையென்றால் அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. ஐந்து நிமிடத்தில் பணம் தருவதாகச் சொல்லும் கடன் செயலிகள் முன்கூட்டியே கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, குறுகிய தவணையில் முழுத்தொகையையும் கேட்பவை. முதல் சம்பளத்தை மொத்தமாக விழுங்குவதற்கு அப்படி ஒரு கடன் போதும்.

விடுதியா, வீடா?

சென்னைக்கு வேலை தேடி வந்த ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறைகளாக இடம் கொடுத்திருக்கின்றன. கட்டில் போட்ட அறை, தளத்துக்குப் பொதுவான குளியலறை, தெருமுனையில் மெஸ் என்ற அந்த ஏற்பாட்டின் இன்றைய வடிவம்தான் தரமணி, வேளச்சேரி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளில் நிறைந்திருக்கும் பி.ஜி. விடுதிகள். பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. இடம் கிடைப்பது கடினம் என்பதால் வேலை உறுதியான அன்றே விண்ணப்பிக்க வேண்டும். தனியார் மகளிர் விடுதிகள் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

நண்பர்கள் மூவர் சேர்ந்து வீடு எடுப்பது சிக்கனம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ் 45,000, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, அடுப்பு, பாத்திரம், மின்விசிறி வகையில் இன்னொரு 15,000 என்றால் மொத்தம் 90,000. ஆளுக்கு 30,000 ரூபாய். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் அதுவே ஆளுக்கு 65,000 ஆகிவிடும். மாதச் செலவும் குறையாது. வாடகைப் பங்கு 5,000, மின்சாரம், தண்ணீர், பராமரிப்புக்கு 1,000, மளிகை, காய்கறிக்கு 3,000 என்று 9,000 ரூபாயைத் தொடும். மூவரும் ஒழுங்காகச் சமைத்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். சமைக்காமல் செயலியில் ஆர்டர் செய்யத் தொடங்கினால் விடுதி இன்னும் மலிவு.

வாடகை தொடர்பான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதும் அதன் விதிகள். இருந்தும் காலி செய்யும்போது 'பெயிண்டிங்' என்ற பெயரில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும். நண்பர்களுக்குள்ளும் எழுத்து தேவை. ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். ஆறாவது மாதம் இன்னொருவர் வேலை மாறிப் பெங்களூரு போனால், அவருடைய அட்வான்ஸ் பங்கை யார் தருவது என்ற கேள்வியில் பல நட்புகள் முறிந்திருக்கின்றன.

அறையைப் பார்க்கும் முறை

படத்தை மட்டும் பார்த்து 'டோக்கன் அட்வான்ஸ்' அனுப்புவது ஆபத்து. ஊரிலிருந்து நேரில் வர முடியாவிட்டால், சென்னையில் இருக்கும் உறவினரோ சீனியரோ போய்ப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

தரைத்தள அறை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் ஒரே மட்டமாகக் கோடு ஓடினாலோ, அந்த உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட் பூசியிருந்தாலோ, மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்திருக்கக்கூடும். கதவு நிலையின் அடிப்பகுதி ஊறிப் பிளந்திருப்பதும் அதற்கு அடையாளம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் பட்ட பாடு ஊரறிந்தது. அடுத்தது குழாய். தண்ணீரைக் கையில் பிடித்துச் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே உப்புத் தண்ணீரா என்பது தெரிந்துவிடும். குடிக்கக் கேன் தண்ணீர்தான் என்றால் அதுவும் மாதச் செலவில் ஒரு வரி.

மூன்றாவது மின்சார மீட்டர். தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலித்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேராது. குடிபுகும் அன்று மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பகுதியில் தங்குவது?

அலுவலகம் எங்கே என்பதைவிட, அங்கே போவதற்கு எது ஓடுகிறது என்பதுதான் கேள்வி. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் வேலை கிடைத்தவருக்குக் கவலை குறைவு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் மாதப் போக்குவரத்துச் செலவு சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். பழைய மகாபலிபுரம் சாலையின் கதை வேறு. அதன் வடமுனையில் தரமணி, பெருங்குடி பறக்கும் ரயில் நிலையங்கள் உண்டு. அதற்குத் தெற்கே சிறுசேரி வரை மெட்ரோ வரும்வரைக்கும் பஸ்தான் துணை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் அங்கே பயன்படும். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை என்றால், கம்பெனி பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலை வாங்கிய பிறகே அறை தேட வேண்டும். அதிகாலை ஷிப்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பஸ்ஸைப் பிடிக்க தினமும் ஆட்டோ வைத்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது போகும், மேலேயும் போகும்.

மாதக் கணக்கு

25,000 ரூபாய் கைக்கு வருபவரின் மாதம் இப்படி அமையலாம்: விடுதி 8,000, பயணம் 1,000, வெளிச்சாப்பாடும் டீயும் 2,500, போன் 400, சோப்பு, சலவை, மருந்து 1,200, உடை, சினிமா, இதர செலவு 2,000, ஊருக்குப் போய்வர 1,200, வீட்டுக்கு அனுப்புவது 5,000. கூட்டினால் 21,300. மீதி 3,700 ரூபாய் சேமிப்பு. செலவெல்லாம் போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி. கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இதில் இரண்டு வரிகள் எளிதில் தவறிப்போகும். ஒன்று ஊர்ப் பயணம். ரயிலில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. தீபாவளி, பொங்கல் டிக்கெட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தவறவிட்டவர் ஆம்னி பஸ்ஸில் கொடுக்கும் பண்டிகைக் காலக் கட்டணம் அந்த மாதச் சேமிப்பைத் தின்றுவிடும். இன்னொன்று கல்விக்கடன். படிப்பு முடிந்து வழக்கமாக ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி அதற்குள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முதல் ஆண்டிலேயே வட்டியை மட்டுமாவது கட்டுவது பின்னாளில் சுமையைக் குறைக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் தொகையைக் கிளம்புவதற்கு முன்பே பெற்றோருடன் பேசி முடிவுசெய்ய வேண்டும். கைக்கு வரும் உண்மையான தொகையை அவர்களிடம் சொல்லாமல் விட்டால், முப்பதாயிரம் சம்பாதிக்கும் பிள்ளை ஐயாயிரம்தான் அனுப்புகிறதா என்ற மனத்தாங்கல் வரும்.

பெட்டியில் போக வேண்டியவை

ஆதார், பான், சான்றிதழ் நகல்கள், ஒரு டஜன் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், வங்கிப் பாஸ்புத்தகம் அவசியம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. வேலை தருவதற்காக 'டெபாசிட்' கேட்கும் இடம் வேலை தரும் இடம் அல்ல. சமைக்க நினைப்பவர் முகவரிச் சான்று இல்லாமலேயே, அடையாளச் சான்றைக் காட்டி 5 கிலோ எரிவாயு சிலிண்டர் வாங்கலாம். பாத்திரம், மின்விசிறி, கட்டில் என்று முதல் வாரத்தில் எதையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

மேற்சொன்ன கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை ஒன்று கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் விடுதி. அந்தக் காலத்தில் உண்மையான செலவை நாள்தோறும் எழுதி, மேலே சொன்ன மாதக் கணக்கைத் திருத்திக்கொள்வது. வீட்டு அட்வான்ஸுக்கான தன் பங்கு சொந்தச் சேமிப்பில் சேர்ந்த பிறகே வீடு தேடுவது. கையில் முப்பதாயிரம் இல்லாமல் பஸ் ஏறுவதைவிட, சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேட்பது மேல்.

(தொடரும்)