வட்டி என்ற சொல்லே இல்லாத பத்திரம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறவன் நான். "அண்ணாச்சி, ஒரு கிரயம் எழுதணும்" என்று இருவர் வந்து நிற்கும்போதே சில சமயம் விஷயம் புரிந்துவிடும். விற்கிறவர் விலையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். வாங்குகிறவர் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டார்.

உண்மையில் அது விற்பனை அல்ல, கடன். அந்தக் கடனின் வட்டியைச் செய்தித்தாள் கந்துவட்டி என்கிறது. கடன் வாங்கினவர் அப்படிச் சொல்வதில்லை. 'தண்டலுக்கு வாங்கினேன்', 'தெரிஞ்ச அண்ணன் கொடுத்தாரு' என்பார். போலீசுக்கு மனு எழுதும் நாளில்தான் அந்த அண்ணன் கந்துவட்டிக்காரர் ஆகிறார். கன்னடத்தில் கந்து என்றால் தவணை. பழந்தமிழில் யானையைக் கட்டும் தூண். எது மூலம் என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மாட்டிக்கொண்டவருக்கு இரண்டும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2003-இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருச்சொற்களையே எடுத்துப் பொருள் சொல்கிறது. அரசு வைத்த உச்சவரம்புக்கு மேல் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

தண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க் கடனில் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். 'ஆயிரத்தைந்நூறுதானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டே வருகிறதே! அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம்.

வட்டியைவிட எனக்குப் பயம் தருவது காகிதம்தான். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, தொகையும் தேதியும் எழுதாத புரோநோட்டு. மூன்று வருடத்தில் காலாவதியாக வேண்டிய நோட்டு; தேதி காலியாக இருந்தால் என்றும் புதுசுதான். தொகை பெரிதானால் அடமானம் எழுதாமல் கிரயமே எழுதி வாங்கிக்கொள்வார்கள். 'பணம் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்' என்பது வாய்ச்சொல். பத்திரத்தில் வட்டி என்ற சொல்லே இருக்காது. சட்டம் எதைப் பிடிக்கும்? நான் எழுத மறுத்தால் பக்கத்து மேசை இருக்கிறது.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் தீக்கிரையானார்கள். அதற்குப் பிறகு மனு எழுதக் கேட்டு என்னிடமும் ஆட்கள் வந்தார்கள். கட்டியதற்கு என்ன அத்தாட்சி என்றுதான் முதலில் கேட்பேன். பூக்கடை அக்கா ஒருத்தி சொன்னாள்:

"தினமும் அட்டையில குறிச்சுத்தான் வாங்குவாரு அண்ணாச்சி. அந்த அட்டையும் அவருகிட்டதான் இருக்கு."