விமானம் ஏறிவிடும், உடல் ஏற வேண்டுமே!

லடாக்கின் துர்துக் கிராமத்தில் உங்களுக்கொரு நண்பர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1971 போரின்போது இந்தியாவின் வசமான, பல்தி முஸ்லிம்கள் வாழும் மலையூர் அது.

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் லே நகரில் இறங்கிவிடலாம். ஆனால், லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே! உடல் அதற்குப் பழக வேண்டாமா?

ஆவலை அடக்கி, இரண்டு நாட்களாவது லேயில் ஓய்வெடுங்கள். பிறகே, 5,300 மீட்டருக்கும் உயர்ந்த கர்துங் கணவாயைக் கடந்து செல்லுங்கள். தலைவலியும் குமட்டலும் நீடித்தால் மேலே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரை நாடுங்கள்.

வழிபார்த்திருக்கும் நண்பருக்குச் சிறந்த அன்பளிப்பு, நலமாகச் சென்று நீங்கள் சொல்லும் ஸலாம் அல்லவா?